கரியில் ஒட்டிய மருந்து

அண்ணனுக்கு மீன் பண்ணை. தங்கைக்கு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. 'ஊசி போடாத டாக்டர்' என்று அவளைக் கிண்டல் செய்தாலும், அவள் சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு.

மீன்களுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக், தொட்டித் தண்ணீரோடு வாய்க்காலில் கலக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அண்ணன் தங்கையிடம் ஓடினான். அவள் அப்போது துத்தநாக ஆக்சைடையும் கரியையும் சேர்த்து ஒரு வினையூக்கித் தூள் செய்திருந்தாள். வெளிச்சம் பட்டால் அது மருந்தை உடைத்துவிடும் என்று நம்பினாள். வெளிச்சம்தான் உடைக்கிறதா என்று இருட்டிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சோதனை மட்டும் பாக்கி. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டுப் போடுண்ணா. மிச்சத்த வெயில் பாத்துக்கும்."

"அடியில படியிற வண்டல என்ன பண்றது?"

"மண்ணுல கொட்டு. ஒண்ணும் ஆகாது."

தூளைப் போட்டதும் தொட்டித் தண்ணீரில் மருந்து குறைந்தது. அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தான். வண்டலை, பக்கத்தில் கீரைத் தோட்டம் போட்டிருந்த ஓர் அக்காவின் பாத்திகளில் கொட்டினான்.

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில், மூடிய பெட்டிக்குள் விளக்கு எரியாததைக் கவனிக்காமலே, தூள் கலந்து வைத்திருந்த தண்ணீரைத் தங்கை சோதித்தாள். மருந்து வழக்கம்போலவே குறைந்திருந்தது. பெட்டியைத் திறந்தபோதுதான் விளக்கு எரியவில்லை என்று கண்டாள். வெளிச்சமே இல்லாமல் எது உடைத்தது? எதுவும் உடைக்கவில்லை. கரி மருந்தை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். தூளை அலசினாள். ஒட்டியிருந்த மருந்து திரும்ப வெளியே வந்தது.

அன்றே பண்ணைக்குப் போனாள். அண்ணன் வெளியூர்ப் பண்ணைக்காரர்களுக்குத் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான். கீரைக்கார அக்காவும் நின்றிருந்தாள். தங்கை அவனைத் தனியே இழுத்துச் சொன்னாள். அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனால் கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது சிரிக்கப் பார்த்தான்.

"தங்கச்சி அப்பவே 'பொறு, இன்னும் சோதிக்கணும்'னா. நான்தான் அவசரப்பட்டு..."

பேசாமல் இருந்திருந்தால் அவள் பெயர் தப்பியிருக்கும். அவளால் முடியவில்லை.

"அண்ணன் பொய் சொல்றாரு. சரிபாக்காம சொன்னது நான்தான். மருந்து எங்கயும் போகல. அக்கா, அது உங்க மண்ணுல கெடக்கு."

"காலையிலகூட அந்தக் கீரைய வித்தேனேம்மா," என்றாள் அக்கா. "வாங்கினவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"



பாத்தி மண்ணைத் தோண்டி மூட்டை கட்டினார்கள். மருத்துவமனைக் கழிவை எரிக்கும் உலைக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. தங்கை மண்வெட்டியைக் கேட்டாள். "நீ தள்ளி நில்லும்மா," என்று அக்கா தர மறுத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தங்கை தாங்கியிருப்பாள். கையாலேயே மண்ணை அள்ளினாள்.

தொட்டித் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுவதை அண்ணன் நிறுத்தினான். அவள் கரியைக் குறைத்துப் புதுத் தூள் செய்தாள். இம்முறை முதலில் இருட்டில் சோதித்தாள், பிறகு வெளிச்சத்தில்.

"இப்பவாவது நெசமா உடையுதா?" என்று அண்ணன் கேட்டான்.

"உடையுது. ஆனா பாதிதான்."

"அப்ப பாதின்னே சொல்லு."

அவன் குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.