விட்டேன் என்பதற்கு மூன்று சொற்கள்

1.
இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஞாயிறு பிரெஞ்சு வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தேன்; கண்ணெதிரே நடந்தது. எழுதுவது சுலபம் என்று நினைத்தது என் மடத்தனம்.

மழை கொட்டிய ஒரு காலையில் அந்தத் தம்பதி வகுப்புக்குள்—

(மழை இல்லை. அடித்துவிட்டேன்.)

2.
மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். கணவர் வெல்டர். பிரெஞ்சு பேசும் நாடு ஒன்றில் குடியேற, கணவரின் வேலையைக் காட்டி மனுப் போட்டிருந்தார்கள். மொழித் தேர்வுதான் பாக்கி.

ஆசிரியை பலகையில் 'கிவ் அப்' என்று எழுதினார்.

"இங்கிலீஷ்ல இது ஒண்ணை வச்சே எல்லாத்தையும் விட்டுடலாம். பிரெஞ்சுல எதை விடுறீங்கன்னு முதல்ல சொல்லணும். பழக்கம்னா அரெத்தே. உட்கார்ந்த இடம்னா செதே. மனசறிஞ்சு வேண்டாம்னு விட்டா ரெனோன்சே, பின்னாடி ஒரு 'ஆ' வரும். ஆளுக்கு மூணு வாக்கியம் எழுதுங்க."

(நமக்கு 'விடு' ஒன்றே போதும். ஆனால் கைவிடுவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றா? இங்கே ஒரு பக்கம் கட்டுரை இருந்தது. கதை நகராததால் எடுத்துவிட்டேன்.)

3.
கணவர் எழுந்து பிரெஞ்சில் வாசித்தார்.

"நான் சிகரெட்டை விட்டேன்." மனைவி சிரித்துக்கொண்டார்; கணவர் சிகரெட்டைத் தொட்டே அறியாத மனிதர். "பேருந்தில் ஒரு முதியவருக்கு என் இடத்தை விட்டேன்." சரி, அது நடந்திருக்கலாம். "நான் என் வேலையை விட்டேன்."

"அருமை," என்றார் ஆசிரியை. "அந்த 'ஆ'வை மறக்காம போட்ட முதல் ஆள் நீங்கதான்."

மனைவிக்கும் பெருமைதான். பிறகுதான் அந்த வாக்கியம் அவருக்குள் மெல்லத் தமிழானது. பேனா நின்றது. இரண்டு மாதம் முன்பு இருபதுவரை எண்ணத் தெரியாதவருக்கு இவ்வளவு பிரெஞ்சு எப்படி வந்தது?

4.
படிக்கட்டில் மனைவி கேட்டார். நான் இரண்டு படி பின்னால்.

"மூணாவதும் உதாரணம்தானே?"

"முதல் ரெண்டும் உதாரணம்."

"எப்போ விட்டீங்க?"

"நாப்பது நாளாச்சு."

"தினம் எட்டு மணிக்குக் கிளம்பி எங்க போனீங்க?"

"லைப்ரரிக்கு. உட்கார்ந்து பிரெஞ்சு படிச்சேன்."

(முதல் வரைவில் அவரைப் பூங்காவில் உட்கார வைத்திருந்தேன். கதைகளில் வேலை போனவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.)

"என்கிட்ட தமிழ்ல சொல்ல வாய் வரலையா?"

"வரல. பிரெஞ்சுல சொன்னா வேற யாரோ விட்ட மாதிரி இருந்துச்சு."

மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. அழுததாக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

5.
இரண்டு முடிவுகள் எழுதி மருந்துக்கடைக்கே கொண்டுபோனேன். ஒன்றில் மனைவி மன்னிக்கிறார், மற்றதில் தனியாகவே தேர்வுக்குப் போகிறார். மாத்திரை எண்ணிக்கொண்டே படித்தார்.

"ரெண்டுமே நான் இல்லீங்க."

"அவர் ஏன் விட்டாராம்?"

"இன்னும் சொல்லல. நீங்களா ஒண்ணு எழுதிடாதீங்க."

"அப்போ என்னதான் நடந்தது?"

"மறுநாள் காலைல எழுந்து அவருக்கு சாப்பாட்டு டப்பா கட்டினேன். மூடிய அழுத்தினப்புறம்தான் வேலையே இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு. அப்படியே நின்னேன். அவர் வாசல்ல கை நீட்டிட்டு நிக்கிறார்."

"கொடுத்தீங்களா?"

அவர் அடுத்த வாடிக்கையாளரின் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

என் கதையில் டப்பா இன்னும் மனைவியின் கையில்தான் இருக்கிறது. இதற்குமேல் உங்கள் பாடு.