பத்து நாள் தள்ளி

குழாய் வேலை செய்யும் அவருக்கு ஒரே மகள். பிரசவத்தோடு பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபோது, பச்சைக் குழந்தையை அள்ளிக்கொண்டு போய் ஆறு வயதுவரை வளர்த்துக் கொடுத்தவள் அவருடைய அக்கா. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத்தான் அக்கா, குடும்பத்தோடு பதினொரு பேராக, இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கியிருந்தாள்.

அவர்களுக்காகப் பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டு வாங்கியிருந்தார். சொட்டிய குழாய்க்கெல்லாம் வாஷர் மாற்றி, தலையணைகளை வெயிலில் போட்டு எடுத்து, பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

"என்ன மாப்ள, உங்க ஊர்ல குழாயத் திறந்தா தண்ணியெல்லாம் வருதே!" என்று கேலி செய்தார் அக்கா வீட்டுக்காரர்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா தூக்கத்திலேயே இறந்துவிட்டாராம். கல்யாணத்தைப் பத்து நாள் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

யார்மேல் கோபப்படுவது? அக்காவுக்கு நூல் மில்லில் லீவு ஒரு வாரம்தான். திரும்பும் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. அவர் ஸ்டேஷனுக்கு ஓடி இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். அடுத்த மூன்று வாரத்துக்கு ஒரு இடம்கூட இல்லை. வீட்டுக்கு வந்தால், அக்கா மில் மேற்பார்வையாளரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"வராட்டி வேற ஆளப் போட்டுக்குவேன்னுட்டான்டா."

"நீ மட்டுமாவது இரேன்க்கா."

"இருந்துட்டு? அப்புறம் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

எங்கே அடைப்பு என்றாலும் கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிடுகிறவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஞாயிறு காலை பெட்டிகளைக் கட்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "அம்மாடி, அந்தக் கல்யாணப் புடவைய ஒரு தடவ கட்டிக் காட்டுறியா?"

மகள் மறுபேச்சு பேசாமல் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பூவும் இல்லை, நகையும் இல்லை. சுற்றிலும் பைகள், பாதி கட்டிய மூட்டைகள். அக்கா முந்தானையைத் தடவிப் பார்த்தாள், மடிப்பைச் சரிசெய்தாள். கையை எடுக்கவே இல்லை.

"கொஞ்சம் தழையக் கட்டணும்டி. அன்னைக்கு யாரு உனக்குக் கட்டிவிடுவா?"

"தெரியல அத்தே."

அதைக் கேட்டதும் அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

ஸ்டேஷனில் அக்கா வீட்டுக்காரர் சிரிக்கவைக்கப் பார்த்தார். "அடுத்த தாத்தாவ முன்கூட்டியே சொல்லிட்டுப் போகச் சொல்லு மாப்ள." யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார் அவர். போகாதே என்பதுதான் தொண்டைவரை வந்தது.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியாக்கா?" என்றார்.

"எடுத்துக்கிட்டேன்டா" என்றாள். அவள் பார்வை அவரைத் தாண்டி, பின்னால் நின்ற மகள்மேல் இருந்தது.