ஒரு விரல் ஓரம்

கைராசிக்காரி என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர் வாங்கியவள் அந்த சர்ஜன். அந்தப் பேர்தான் அவள் கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல!

போன வருஷம் அவளுடைய நாத்தனார் மார்பில் ஒரு கட்டியோடு வந்து நின்றாள். ஓயாத பேச்சுக்காரி, வீட்டில் வாயாடி என்றே கூப்பிடுவார்கள். ஊசியால் எடுத்த துளி சதையைச் சோதித்து, சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று ரிசல்ட் வந்தது.

"தழும்பு தெரியக் கூடாது அண்ணி, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் வாயாடி.

சர்ஜனும் சின்னதாகக் கீறி, தோலிலிருந்து பட்டாணியைப் பிதுக்குவது போலக் கட்டியை மட்டும் அலுங்காமல் எடுத்தாள். தியேட்டரில் இருந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள்.

எடுத்த கட்டியை லேபில் முழுசாக அறுத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அபூர்வமாக வரும் ஃபில்லோடஸ் கட்டி அது. சாதாரணக் கட்டி போலவே வேஷம் போடும். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு நல்ல சதையையும் சேர்த்து எடுத்தால்தான் அடங்கும். மறுபடி வெட்ட வேண்டும் என்று சர்ஜனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தன் கைவேலையான அந்த அழகுத் தழும்பைப் பார்த்தாள், மனசு வரவில்லை. "நடுத்தர ரகம்தான், பார்த்துக்கிட்டே இருப்போம்" என்று சொல்லிவிட்டாள். படித்தவள் பேசுகிற பேச்சா அது?

வருஷம் திரும்புவதற்குள் கட்டி தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது, இந்த முறை பொல்லாத ரகமாக, புற்றுநோயாகவே. மார்பை முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றதும் வாயாடிக்கு வாயே அடைத்துப்போனது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். கடைசியில், "எடுத்துடுங்க அண்ணி, ஆளாவது மிஞ்சட்டும்" என்று வந்து படுத்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் நெஞ்சு ஸ்கேன் வந்தது. இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது.

"இனிமே மார்ப எடுத்து என்ன ஆகப்போகுது? வலிதான் மிச்சம்" என்றார் பெரிய டாக்டர். மருந்துக்கும் இது லேசில் மசியாது.

வார்டில் வாயாடி ஆபரேஷன் கவுனோடு உட்கார்ந்திருந்தாள். சர்ஜன் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஸ்கேன் பார்த்தோம்மா. ஆபரேஷன் வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"என்னது? மார்ப எடுக்க வேணாமா?"

"வேணாம். ஆனா நான் சொல்றத..."

"நிஜமாவா அண்ணி! என் வயித்துல பால வார்த்தீங்க!" வாயாடி கட்டிலை விட்டே குதித்தாள். "ஏங்க, உள்ள வாங்க! ஒண்ணும் எடுக்க வேணாமாம்!"

வராந்தாவிலிருந்து ஓடிவந்த கணவன் சர்ஜனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினான். அவன் பிடி விடுவதற்குள் வாயாடி முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து, கவுனின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.