ஒன்றாம் தேதி வரை

"அவ எனக்கு யாருன்னு எழுதணும் மேடம்?" என்று விடுப்புப் படிவத்தை நீட்டிப் பெட்டியக்கா கேட்டது சட்டம் மேடத்திடம்.

பிஸ்கட் கம்பெனியில் மனிதவள அதிகாரிக்கு அதுதான் பெயர். எந்தத் தொழிலாளர் சட்டம் மாறினாலும் முதல் ஆளாகப் படித்துவிடுவாள். சாப்பிடும்போதுகூட ஒரு கையில் ஏதாவது ஒரு திருத்தத்தின் அச்சுப்பிரதி இருக்கும். "மேடம் தும்முறதா இருந்தாலும் எந்தப் பிரிவுன்னு பார்த்துட்டுத்தான் தும்முவாங்க" என்று பேக்கிங்கில் சிரிப்பார்கள்.

அந்தப் பேக்கிங்கில் ஆக மூத்தவள் பெட்டியக்கா. அவளும் ஒரு தையல்காரியும் இளவயதிலிருந்தே ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். இருவருக்கும் வேறு நாதியில்லை. ஒருத்தி சமைத்தால் மற்றவள் பாத்திரம் கழுவுவாள். சண்டை வந்தால் இருவருமே பட்டினி. இப்போது தையல்காரி ஆஸ்பத்திரியில், இன்றோ நாளையோ என்று கிடந்தாள். பெட்டியக்காவின் சொந்த விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது குடும்பத்தாரைக் கவனித்துக்கொள்ளும் விடுப்பு ஒன்றுதான். கணவன், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் என்பதோடு அந்தக் குடும்பம் முடிந்துவிட்டது.

"அக்கான்னு போட்டுடவா?"

"வேண்டாம்க்கா. யாராவது கிளறினா, பொய் சொன்னீங்கன்னு வேலையே போயிடும். சட்டம் மாறுது. ஒரே வீட்டுல சேர்ந்து வாழறவங்களும் குடும்பம்தான்னு வருது, ஒண்ணாந்தேதியிலேருந்து. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க."

சொல்லும்போது மேடத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மேலாளரிடம் போய்ச் சம்பளமில்லாத விடுப்பாவது கேட்டுப் பார்த்தாள். "சட்டத்துல இருக்கா? நீங்களே சொல்லுங்க மேடம்" என்று அவர் சிரித்தார். அவள் மேற்கொண்டு மல்லுக்கட்டவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் யாரும் கையில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் மேடத்தின் மேஜைக்கே வந்தது. இயந்திரங்களின் இரைச்சலுக்குள் அவள் நடந்து வருவதைப் பார்த்ததுமே பெட்டியக்காவின் கைகள் நின்றன. பெல்ட்டில் பொட்டலங்கள் வந்து முட்டி, குவிந்து, கீழே விழுந்தன.

"தனியாவா போனா?"

"நர்ஸ் பக்கத்துல இருந்தாங்களாம்க்கா."

"நர்ஸுக்கு அவளைத் தெரியாதே."

ஒன்றாம் தேதி எல்லாரையும் கேன்டீனில் கூட்டி, புதுச் சட்டத்தை மேடம்தான் விளக்கினாள். 'ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்' என்ற இடத்தில் நிறுத்தினாள். இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைப் படிக்க முடிந்தது. முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெட்டியக்காவும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் மேடம் அவளிடம் போனாள். "அன்னிக்கு அக்கான்னே போட விட்டிருக்கணும்க்கா."

"நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?" என்றாள் பெட்டியக்கா. பிறகு போய்விட்டாள்.

மாலை வேலை முடிந்து மேடம் வாசலுக்கு வந்தபோது எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது. ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ் வந்தது. பெட்டியக்கா பழக்கத்தில் முண்டியடித்துப் படியில் கால் வைத்துவிட்டாள். பின்னாலிருந்தவர்கள், "ஏறும்மா, ஏறு" என்று அவசரப்படுத்தினார்கள். அவள் கம்பியைப் பிடித்தபடி, ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நின்றாள்.