மணி அடிக்கும் முன்

கணவரின் தாடையைத் துணியால் கட்டி முடிச்சுப் போடும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஸ்டமாட்டியா கதவைத் தன் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்தாள். பக்கத்து வீட்டு ஃபோதினி. முகம் தெரிகிற இடைவெளியில் முழு உடம்பையும் நுழைத்துவிடக்கூடியவள்.

"நைஜல் எழுந்தாச்சா அக்கா?"

"தூங்குறாரு."

"இவ்வளவு நேரமா! இங்கிலீஷ்காரங்க உடம்புக்கு வெயில் ஆகாது, பாவம்."

ஸ்டமாட்டியா கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

வங்கிகள் மூடிக் கிடந்த ஜூலை அது. கிரேக்கக் கார்டுக்குப் பணம் எடுக்கும் இயந்திரம் ஒரு நாளைக்கு அறுபது யூரோ துப்பும், அதற்கு மேல் வாயைத் திறக்காது. வெளிநாட்டுக் கார்டுக்கு அந்தத் தடை இல்லை. இருபது வருஷமாக நைஜலிடம் "எப்போ ஊருக்குப் போறே?" என்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தெரு, இப்போதெல்லாம் அவரைக் கண்டால் நாற்காலி எடுத்துப் போட்டது.

சவப்பெட்டி வைத்து அடக்கம் செய்கிற பந்தெலிஸ் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினான். "கோவிச்சுக்காதீங்கம்மா. பெட்டி செய்றவன் ரொக்கம் கேக்குறான். காசு வந்தா சாயங்காலமே மண்ணுல வச்சிடலாம். இந்த வெயில்ல நாளைக்குத் தாங்காது."

எங்களுக்கு மேலே இருக்கும் ஊரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரி செத்தபோது, கோயிலில் சாவு மணி அடித்த அன்றே இயந்திரம் அவள் கார்டை விழுங்கிவிட்டதாம். மணி அடித்தால் லண்டனில் இருக்கும் வங்கிக்குக் கேட்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால்தான் ஸ்டமாட்டியா பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. அரையிருட்டில் அலமாரியைத் துழாவி உடுத்திக்கொண்டு, அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தாள். எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சதுக்கத்தில் வரிசை மருந்துக்கடை வரை நீண்டிருந்தது. ஃபோதினியின் அண்ணன் அர்கிரிஸ் முன்னால் நின்றான். ஒரு காலத்தில் மெல்போர்னில் தட்டு கழுவியவன்.

"வாங்க மதினி! உங்க வீட்டுக்காரரை எனக்கு ஒரு நாள் வாடகைக்கு விடுங்களேன்!"

வரிசை சிரித்தது. பிறகு முன்னாலிருந்து பின்னால்வரை சிரிப்பு ஒவ்வொருவராக அணைந்தது. எல்லோரும் தன்னை எதற்கு இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

கறுப்புப் பாவாடை. கறுப்பு ரவிக்கை. தலையில் கறுப்புத் துணி. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அண்ணனுக்கு என்று துக்கம் உடுத்திப் பழகிய கை, அவளைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருந்தது.

இயந்திரத்தின் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருந்தது. தலைத்துணியை அவிழ்த்து முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டாள். வரிசை விலகி வழிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமில்லை.

கார்டு உள்ளே போனது. அவர் அமுக்கிப் பார்த்திருந்த ரகசிய எண்ணையும் பிறகு தொகையையும் அமுக்கினாள். திரையில் இங்கிலீஷ் எழுத்து வந்தது. அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்லை மதினி," அர்கிரிஸ் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான். திரையைத் தவிர வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. "ரசீது வேணுமான்னுதான் கேக்குறான். வேணாம்னு சொல்லுங்க. இடது பக்கம், கீழே."

அமுக்கினாள். உள்ளே ஏதோ வெகுநேரம் உருண்டது. பிறகு கார்டு நாக்குபோல வெளியே நீண்டது. பின்னாலேயே பணமும்.

எண்ணாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஓர் அடி முன்னால் போவதற்காக அந்த வாரம் இரண்டு மைத்துனர்கள் சட்டையைக் கிழித்துக்கொண்ட வரிசை அது. அவள் தேவாலயச் சந்தில் திரும்பி மறையும்வரை, இயந்திரத்துக்கு முன்னால் இருந்த இடம் வெயிலில் காலியாகவே கிடந்தது.