சிலிகுரி வழிதானே!

பாகீரதிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாலு நாள் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. வங்கியில் "மேடம்", வீட்டில் "பாகீ", மாடிப்படியில் "மாமி" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு, வடக்கே மலைக்காட்டில் தன்னந்தனியாக நடப்பது என்று தீர்மானித்துவிட்டாள்.

வழியும் தயார். பாலிகஞ்சிலிருந்து லோக்கலில் சியால்தா, அங்கிருந்து ராத்திரி ரயிலில் சிலிகுரி ஊருக்கான நியூ ஜல்பாய்குரி ஸ்டேஷன், அப்புறம் ஷேர் ஜீப்பில் மலையடிவாரம். அதற்கு மேல் கால் போன வழி. டாக்சி என்ற பேச்சே கிடையாது.

அவள் செய்த தப்பு, இதை மாடிப்படியில் நின்று சொன்னது. கல்கத்தாத் தமிழர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒருவர் ரயிலேறுவது அவர் சொந்த விஷயமா என்ன? கூடவே ஊரார் பொட்டலமும் ஏறியாக வேண்டுமே!

"மாமி, சிலிகுரி வழிதானே?" என்று முதலில் வந்தவன் மேல்வீட்டு சிவராம். அவன் அண்ணாவுக்குக் காப்பிப்பொடி. நீலாவதி தன் பெண்ணுக்கு இட்லிப் பானை கொண்டுவந்தாள். எதிர்வீட்டு வங்காளிப் பெண் சுப்ரியா, "பௌதி, மலைல ரொம்பக் குளிரும்" என்று அண்ணி முறை கொண்டாடி, பாகீரதிக்கு ஒரு குரங்குக் குல்லாயைக் கொடுத்துவிட்டு, அப்படியே தன் நாத்தனாருக்கு ஒரு புடவையையும் நீட்டினாள். கீழ்வீட்டுக்காரர் கௌஹாத்தி மருமகனுக்கு வத்தல் கொடுத்தார். கௌஹாத்தி எங்கே, மலை எங்கே? "எல்லாம் அந்தப் பக்கம்தானே! அவன் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிப்பான்" என்றார்.

பையை அடுக்கும் பொறுப்பைக் கணவர் மஹாதேவன் தாமே எடுத்துக்கொண்டார். கப்பல் கம்பெனியில் சரக்கு அனுப்பிய மனுஷர். யார் பொட்டலத்தையும் மறுத்ததில்லை, எதையும் கெடவிட்டதில்லை என்பதில் அவருக்கு ஏகப்பெருமை.

"கூடாரத்த வெளில எடு, பாகீ. பானை அடங்கிடும்."

"ஏன்னா, அப்போ நான் எங்கே படுக்கறது?"

"மொதல்ல பானைக்கு எடம் பண்ணுவோம்."

பாகீரதிக்கு அழுகையே வந்துவிட்டது. "தனியாப் போறேன்னு சொன்னா இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்குமா புரியல?"

"நன்னாப் புரியறது. பொட்டலமெல்லாம் நான் தூக்கிண்டு வரேன். நீ பாட்டுக்குத் தனியா நட. நான் பின்னாடியே வரேன்."

கூடாரம் மறுபடி பைக்குள் போயிற்று. மஹாதேவனும் ரயிலேறினார்.

நியூ ஜல்பாய்குரி பிளாட்பாரத்தில் பொட்டலக்காரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். கௌஹாத்தி மருமகன்கூட வந்திருந்தான். வாங்கிக்கொண்டு சும்மா போவார்களா? ஆளுக்கொரு பதில் பொட்டலம் வைத்திருந்தார்கள். தேங்காய் பர்பி, பால்கோவா, கட்டுக் கட்டாகக் கீரை.

"நாளைக்குள்ள கல்கத்தா போயிடணும் மாமா. இல்லேன்னா ஊசிப்போயிடும்."

மஹாதேவன் பெண்டாட்டியைப் பார்த்தார். பர்பியைப் பார்த்தார். கல்கத்தா வண்டி எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நான் போயாகணும், பாகீ. பர்பி தாங்காது" என்றார், பொட்டலங்களை அள்ளிக்கொண்டே. "போனை மட்டும் அணைச்சுடாதே. மணிக்கொரு தரம் கூப்பிடறேன்."

காட்டுக்குள்ளும் மணிக்கொரு "பாகீ"யா? அவர் வண்டியில் ஏறி உட்காருவதற்குள், வழிக்கு வைத்திருந்த முறுக்கைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பாகீரதி பிரித்தாள், எதையோ வைத்துச் சுற்றினாள், நூலால் இறுக்கிக் கட்டினாள். ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள்.

"இதையும் எடுத்துண்டு போங்கோ. நம்மாத்துக்குத்தான்."

பொட்டலம் என்றால் என்ன ஏது என்று கேட்காமல் வாங்குகிற கை அது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது. மஹாதேவன் உடனே தம் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

மடியில் இருந்த பொட்டலம் மணியடித்தது.

அவர் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு "பாகீ! பாகீ!" என்று கத்துவது தெரிந்தது. அவள் குரங்குக் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு, ஜீப் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.