பத்துக் கட்டம்

குவைத்தில் கம்ப்யூட்டருக்கே கட்டளை போடுகிறவன் நான். எண்பத்தாறில் லீவில் ஊருக்கு வந்தபோது, சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் என் கட்டளை எதுவும் எடுபடவில்லை. பன்னிரண்டு நாள் நடையாய் நடந்தேன். ஒருநாள் படிவம் தீர்ந்துவிட்டது. மறுநாள் கிளார்க் இல்லை. பிறகு ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிவிட்டது. தாசில்தார் ஏற்பாடுகளைப் பார்க்க ரதவீதிக்குப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். பாஸ்போர்ட்டில் என் பெயர் சங்கரசுப்பு. கம்பெனி கம்ப்யூட்டர் அடித்த பட்டியலைப் பார்த்துப் போட்ட புது விசாவில் சங்கரசுப். இருவரும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் எழுதித் தராவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம் ஏற முடியாது. வேலையும் போய்விடும்.

புதன்கிழமை எனக்குப் பொறுமை போயிற்று.

"இந்த வேலையை எங்க கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்துல முடிச்சிரும்!" என்று கத்தினேன்.

டைப்பிஸ்ட் சுபைதா பேகம் தட்டுவதை நிறுத்தினார். "அவ்வளவு கெட்டிக்காரக் கம்ப்யூட்டர் உங்க பேரு வாலை ஏன் தம்பி நறுக்குச்சு?"

"பேருக்குப் பத்துக் கட்டந்தான்க்கா. இங்கிலீஷ்ல பத்தெழுத்துக்கு மேல ஏறாது."

"அப்ப என் பேரை எழுதுனா பேகம் எங்கன போவும்? எந்தப் புண்ணியவான் பத்துக் கட்டம் போட்டான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அதைப் போட்ட புண்ணியவான் நான்தான்.

"நான்தான்க்கா."

ஆபீஸே சிரித்தது. "அப்ப உங்களுக்குக் கட்டம் சரியில்லன்னு சொல்லுங்க!" என்றார் சுபைதா பேகம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று அவர் மதியம் சாப்பிடப் போகவில்லை. சான்றிதழை அடித்தார். ஆபீஸ் முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ரதவீதிக் கூட்டத்துக்குள் புகுந்தார். தாசில்தாரைத் தேடிப்பிடித்து, ஜீப்பின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினார்.

"பன்னெண்டு எழுத்தும் இருக்கு. எண்ணிப் பாத்துக்கிடுங்க தம்பி."

எண்ண முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு நாளாக அந்த ஆபீஸை நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். "போயிட்டு வாங்க, நேரமாவுது," என்று அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

குவைத் திரும்பியதும் முதல் வேலையாகப் பத்தை முப்பதாக்கினேன். சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஒரு பெயர் வேண்டும். சுபைதா பேகம் என்று அடித்தேன்.

பேகம் முழுசாக வந்து நின்றது.